விருந்துக்கு முன் ஒரு வினா

திருமண நாள், உத்தியோக உயர்வு முதலிய விசேஷங்களை முன்னிட்டு, சென்னை போன்ற கடற்கரைப் பட்டணத்தில், மீன் உணவுக்குப் பெயர் பெற்ற உயர்தர உணவகம் ஒன்றில் இராப்போஜனம் செய்ய உத்தேசிப்பவர்கள், சரவிளக்குகளின் பிரகாசத்திலும் பரிசாரகரின் சீருடையிலும் மயங்குவதற்கு முன்னால், நாட்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வது தடை செய்யப்பட்டிருக்கிறது. ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் இரு கரைகளிலும் ஒருசேரத் தடை. அச்சமயம் நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் சொற்ப மீனைத் தவிர, பெரும்பாலும் பனிக்கட்டியில் நெடும் பிரயாணம் செய்து வந்ததே தட்டில் பிரசன்னமாகும். வஞ்சிரத்தின் விலையும் உயர்ந்துவிடும்.

ஆகையால், மேஜைக்கு முன்பதிவு செய்யும்போதே, இன்று எந்த மீன் வந்திருக்கிறது என்று விசாரியுங்கள். எல்லாமே இருக்கிறது என்று சொல்லும் உணவகத்தைக் காட்டிலும், வஞ்சிரம் இல்லை, சங்கரா நன்றாயிருக்கிறது என்று சொல்லும் உணவகமே நம்பிக்கைக்குப் பாத்திரமானது. சமைக்குமுன் மீனைக் காண்பிக்கும் வழக்கமுள்ள இடமாயின், கண் தெளிவாகவும், செவுள் செந்நிறமாகவும், விரலால் அழுத்திய தசை உடனே நிமிர்வதாகவும் இருக்கிறதா என்று கவனிக்கலாம்.

எடைக்கு விலை போடும் சிங்கி இறாலுக்கும் நண்டுக்கும் கிரயத்தை முன்னதாகவே கேட்டுவிடுவது உசிதம். விருந்தாளியின் சமுகத்தில் கேட்கக் கூச்சமாயிருந்தால், தொலைபேசி எதற்காக இருக்கிறது?