சிறையிலிருந்து வந்தவனுக்கு முதல் தேவை வீடு!

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஒரு மில் தொழிலாளி ஆற்றிய உரை)

நான் மேடைப் பேச்சாளன் அல்ல; நூற்பு மில்லில் வேலை பார்க்கிறவன். ஐந்து மாதம் விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்தவன். வெளியே வந்து நாற்பது நாள் பஸ் ஸ்டாண்டில் படுத்தவன். அதைச் சொல்லத்தான் சங்கத்தார் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

என் மீது திருட்டு வழக்கு. குற்றமில்லை என்று பிறகு தீர்ப்பாயிற்று. ஆனால் கைதான எட்டாம் நாளே கோர்ட் ஜாமீன் கொடுத்துவிட்டது! பின் ஏன் ஐந்து மாதம்? இரண்டு ஆள் ஜாமீன் வேண்டும், அவர்கள் வீட்டு வரி ரசீது காட்ட வேண்டும் என்றார்கள். என் உறவினர்கள் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள். அவர்களிடம் ஏது ரசீது? வீடு உள்ளவனுக்குத் திறக்கிற சிறைக் கதவு, வீடு இல்லாதவனுக்குத் திறப்பதில்லை!

இது என் ஒருவன் கதை அல்ல. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர்.

1978இல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி உறவில் ஜாமீன் நிற்க முன்வந்தவரையும், சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறதென்று மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைத் தவறென்று சொல்லி, 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். 1957 கேரள மந்திரி சபையில் சிறைத் துறையைப் பார்த்தவர் அவர். கூலியின் நிலை அவருக்குத் தெரியும்.

எனக்கும் இலவசச் சட்ட உதவி வக்கீல் வாதாடித்தான் சொந்த ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்தேன். வாடகை அறையில் வேறு குடும்பம். என் பாத்திரமும் துணியும் ஒரு சாக்கில் கட்டிக் கிடந்தன. "ஜெயிலுக்குப் போனவனுக்கு இடமில்லை" என்றார் வீட்டுக்காரர்.

விலாசம் இல்லாதவனுக்கு என்ன நேரும்? வேலைக்குப் போனால் விலாசம் கேட்பார்கள். கோர்ட் சம்மன் கைக்கு வராது. வாய்தாவுக்குப் போகாவிட்டால் வாரண்ட், மறுபடி சிறை! சிறையிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து சிறைக்கு. செக்குமாடு போலச் சுற்ற வேண்டியதுதான்.

"முதலில் ஒழுங்காக இரு, வேலை தேடு, பிறகு வீடு" என்று புத்தி சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டில் இரவெல்லாம் விழித்திருப்பவன் காலை ஷிப்டுக்கு எப்படிப் போவான்?

இதை மாற்றிச் செய்ய முடியாதா? பின்லாந்து 2008இல் மாற்றிச் செய்தது. முதலில் வீடு, அதுவும் அவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம், பிறகு வேலைக்கும் வைத்தியத்துக்கும் துணை. ஹெல்சிங்கியில் 1985இல் வீடற்றோர் விடுதிகளில் 2,121 இடங்கள் இருந்தன. 2016இல் 52தான். பெரும்பாலான விடுதிகள் வீடுகளாயின. ஆனால் வாடகை உதவியை சர்க்கார் வெட்டிய 2024இல், பல ஆண்டு குறைந்து வந்த வீடற்றோர் எண்ணிக்கை மீண்டும் ஏறி 3,806 ஆயிற்று. கொடுத்தால் குறைகிறது, வெட்டினால் ஏறுகிறது!

நாம் செய்ய வேண்டியது என்ன?

சிறையில் இருக்கும் எவருக்கும் இலவச வக்கீல் உண்டு. இது 1987 சட்டம். ஜாமீன் கிடைத்தும் ஒரு வாரத்தில் வெளியே வராதவர் விஷயத்தைச் சிறை அதிகாரி ஜில்லா சட்ட உதவிக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்; இது 2023 சுப்ரீம் கோர்ட் உத்தரவு. பணமில்லாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை கொடுக்க 2023இல் மத்திய சர்க்கார் திட்டம் போட்டது. இவற்றைக் கைதியின் குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். மனு எழுத உதவுங்கள்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே! குடியிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டு வாங்குங்கள். பட்டா இருந்தால் ஆள் சிறையில் இருந்தாலும் குடிசை நிற்கும்.

என்னை மீட்டவர் வயதான ஒரு சங்கத் தோழர். வாடகைக்கு அறை பிடித்து, ரசீதை என் பெயரில் எழுத வைத்தார். "தம்பி, முதலில் குளித்துவிட்டுத் தூங்கு. வேலையைப் பற்றி நாளைக்குப் பேசலாம்" என்றார். பதினோராம் நாள் நான் மில்லுக்குள் போனேன்.

வீடு நல்லவனுக்குக் கொடுக்கும் பரிசு அல்ல, தோழர்களே! மனிதன் எழுந்து நிற்கக் காலுக்கடியில் வேண்டிய தரை அது. நாளை நம் தெருவுக்கு ஒருவன் சாக்கு மூட்டையோடு வந்தால், கதவைச் சாத்தாதீர்கள்!