தீயணைப்பு இலாகாவுக்குத் தலைவராக என்ன தகுதி வேண்டும்?

(குடுமியான்மலையில் விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச வந்திருப்பது கூலியைப் பற்றி அல்ல. குத்தகையைப் பற்றியும் அல்ல. தீயைப் பற்றி. தீயை அணைப்பதற்கென்று சர்க்கார் வைத்திருக்கும் இலாகாவின் தலைமை நாற்காலியைப் பற்றி.

"அந்த நாற்காலி சென்னையில் கிடக்கிறது. அதில் யார் உட்கார்ந்தால் குடுமியான்மலைக்கு என்ன?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் ஓர் ஓலைக் குடிசையின் மேல் பொறி விழுகிறது என்று வைத்துக் கொள்வோம். அடுத்த கால்மணி நேரத்தில் நடக்கப்போவது எல்லாம் பல வருஷங்களுக்கு முன்பே அந்த நாற்காலியில் தீர்மானமாகிவிட்டது. வண்டி எங்கே நிற்கிறது, அதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், குழாய் கிழிசலா நல்லதா, தண்ணீருக்கு எந்தக் கண்மாய், எந்தக் கிணறு - இவற்றில் ஒன்றைக்கூட எரிகிற கூரையின் முன்னால் நின்று ஏற்பாடு செய்ய முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த ஊர் புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். கிராமத்துக்கு 20 நிமிஷத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது மத்திய சர்க்காரின் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவு. புதுக்கோட்டையிலிருந்து வண்டி புறப்பட்டால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், எங்கும் நிற்காமல் வந்தால்தான் அந்த 20 நிமிஷம். இலுப்பூரிலிருந்து வந்தால் தூரம் குறையும். அந்த நேரம் அந்த வண்டி வேறு ஓர் ஊரில் நிற்காமல் இருக்க வேண்டும். காய்ந்த பனை ஓலை விழுந்து சாம்பலாக எத்தனை நிமிஷம் ஆகும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வண்டி வந்துவிட்டது. தொட்டியில் சாதாரணமாக 4500 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு குழாய் நிமிஷத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சினால் பத்தே நிமிஷத்தில் தொட்டி காலி. இரண்டு குழாய் பிடித்தால் ஐந்து நிமிஷம். அதற்குமேல் தண்ணீர் ஊரில்தான் இருந்தாக வேண்டும். கூரைகள் எரிகிற சித்திரை வைகாசியில் நம் கண்மாய்களின் நிலைமை என்ன? மாடு இறங்கிக் குடிக்கக்கூடத் தண்ணீர் இராது. அப்படியானால் எந்தத் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, அந்த வண்டிப் பாதையில் லாரி திரும்புமா என்பதை மாசி மாதத்திலேயே ஒருவர் நடந்து பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும். 1985ஆம் வருஷத்துத் தமிழ்நாடு தீயணைப்புச் சட்டம் ஒன்றிருக்கிறது. தீ நடந்த இடத்தில் வழி மறிப்பவரை அப்புறப்படுத்தவும், கதவை உடைத்து உள்ளே போகவும், கிடைக்கிற இடத்தில் தண்ணீர் எடுக்கவும் அது இலாகாவுக்கு அதிகாரம் தருகிறது. பண்ணையார் கிணற்றுக்கு அதில் விதிவிலக்கு இல்லை. அதிகாரம் காகிதத்தில் இருந்தால் போதுமா? கிணறு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டாமா? கீழே உள்ள ஒவ்வொரு நிலையத்தையும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கொண்டே இருப்பதுதான் தலைவரின் முதல் வேலை என்பது நம் அபிப்பிராயம்.

இப்போது தகுதிக்கு வருவோம்.

நம் மாநிலத்தில் இந்த இலாகாவுக்குத் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்று பெயர். இதற்குள் நுழையப் பல வாசல்கள் உண்டு. குழாய் பிடிக்கும் தீயணைப்பாளரைச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் எடுக்கிறது. பத்தாவது தேறியிருந்தால் போதும், உடல் தேர்வில் ஓடி, கயிறு ஏறிக் காட்ட வேண்டும். நிலைய அலுவலராக நேரடியாக வரப் பட்டப்படிப்பு வேண்டும். மாவட்ட அலுவலர் பதவிக்கு, டெபுடி கலெக்டரையும் டி.எஸ்.பி.யையும் எடுக்கிற அதே குரூப்-1 பரீட்சை. உச்சியில் இருக்கும் இயக்குநரோ பெரும்பாலும் காவல்துறையிலிருந்து வருகிற மூத்த ஐ.பி.எஸ். அதிகாரி. முப்பது வருஷம் புகை குடித்த தீயணைப்பாளர் சில படிகள் ஏறலாம். அந்தக் கடைசிப் படி அவருக்கு இல்லை.

டில்லியில் இப்படி இல்லை. அங்கே தீயணைப்புப் பணியிலேயே வளர்ந்தவர்கள் இயக்குநராக இருந்திருக்கிறார்கள். பம்பாய் நகரசபையிலும் தலைமைத் தீயணைப்பு அதிகாரி அந்தப் படையிலிருந்தே வருகிறவர். இந்த வித்தையைக் கற்றுக் கொடுக்க நாகபுரியில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி 1957 முதல் நடக்கிறது. அது 1956இல் ராம்பூரில் ஆரம்பித்தது. ஆகவே, "ஆள் கிடைக்கவில்லை" என்ற பேச்சு செல்லாது.

போலீஸ் அதிகாரி என்பதற்காக நாம் யாரையும் குறை சொல்லவில்லை. நல்லவர்கள் வந்திருக்கிறார்கள், நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன. ஆனால் மாறுதல் உத்தரவு எந்த நேரம் வருமோ என்று இருக்கும் உத்தியோகத்தில், பத்து வருஷத் திட்டத்தை யார் போடுவது? மில் தோழர்களுக்கு இது சொன்னவுடன் விளங்கும். புளோ ரூமை மிதித்திராத ஒருவரை புளோ ரூம் மேஸ்திரியாகப் போட்டால் என்ன ஆகும்? பஞ்சோடு வந்த ஓர் இரும்புத் துண்டு பீட்டரில் பட்டுப் பொறி பறப்பது உங்களுக்குத் தெரியும். பேல் மேலே அணைந்த மாதிரி இருந்து உள்ளே நாள் கணக்கில் கனன்று, மூன்றாம் நாள் ராத்திரி திரும்பப் பிடித்துக் கொள்வதும் தெரியும். இதைப் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளலாம். ஆனால் கை அறிந்தது வேறு.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரத்தில் 1824இல் ஒரு நகரத் தீயணைப்புப் படையை அமைத்தார்கள். அதற்குத் தலைவராக வந்தவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். அவர் தம் படைக்கு யாரைச் சேர்த்தார் தெரியுமா? கூரை வேய்கிறவர், தச்சர், கொத்தனார், குழாய் வேலைக்காரர். கட்டடத்தைக் கட்டுகிறவனுக்குத்தான் அது எங்கே விழும் என்று தெரியும் என்பது அவர் கணக்கு. பிறகு லண்டன் படைக்குத் தலைவரானார். 1861 ஜூனில் டூலி தெருக் கிடங்குத் தீயில், தம் ஆட்களைக் கவனித்துக் கொண்டு நின்றபோது சுவர் சரிந்து அவர்மேல் விழுந்து இறந்தார்.

ஆபத்தின் பக்கத்தில் நிற்கிற தலைமை நம் நாட்டிலும் இருந்திருக்கிறது. 2012 ஜனவரி 16ஆம் தேதி சென்னை எழிலகத்துப் பழைய கட்டடமான கலச மகாலில் தீ. உள்ளே போன நிலைய அலுவலர் ஒருவர் திரும்பி வரவில்லை. அவர்களோடு உள்ளே நுழைந்த கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் பலமான தீக்காயத்தோடு உயிர் தப்பினார். 2003இல் இந்தப் பதவிக்கு முதன்முதலாகத் தேர்வான பெண்களில் அவர் ஒருவர். பெண்ணால் முடியுமா என்று அந்நாளில் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குத் தீயே பதில் சொல்லிவிட்டது.

தைரியம் போதுமா? கீழிருந்து ஏறி வந்தால் போதுமா? போதாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். லண்டனில் 2017 ஜூன் 14ஆம் தேதி கிரென்ஃபெல் என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் மாண்டார்கள். ஏழைபாழைகள் நிறைந்த கட்டடம். அப்போது லண்டன் படையின் தலைவர் பதினெட்டு வயதில் தீயணைப்பாளராகச் சேர்ந்து உச்சிக்கு வந்த பெண்மணி, டேனி காட்டன். அவருக்கு அனுபவக் குறைவா? இல்லை. வெளிச்சுவரில் ஒட்டியிருந்த பலகையே பற்றி எரியும்போது, "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற பழைய உத்தரவை மாற்ற வெகுநேரம் ஆயிற்று. அன்றிரவு செய்ததில் எதையும் மாற்ற மாட்டேன் என்று அவர் விசாரணையில் சொன்னது இறந்தவர்களின் குடும்பங்களைக் கொதிக்க வைத்தது. 2019இல் வந்த விசாரணை அறிக்கை படையின் முன்னேற்பாட்டில் கடுமையான குறைகளைக் கண்டது. அந்த வருஷக் கடைசியில் அவர் பதவியை விட்டு விலகினார். அந்தப் பலகையை விற்றவனும் ஒட்டியவனும் அனுமதித்தவனும் அன்றிரவு அந்தத் தெருவிலேயே இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

அனுமதி என்று சொன்னோம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1997 ஜூன் 7ஆம் தேதி தஞ்சைப் பெரிய கோவிலில் யாகசாலைப் பந்தல் பற்றி நாற்பதுக்கு மேற்பட்ட பக்தர்கள் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் மேற்பந்தல் பற்றி, மணமகன் உட்படப் பலர் மாண்டார்கள். ஆறு மாதம் கழியவில்லை. ஜூலை 16ஆம் தேதி கும்பகோணம். சமையற்கட்டில் கிளம்பிய தீ ஓலைக் கூரைக்குத் தாவிற்று. 94 குழந்தைகள்! குறுகலான ஒரே படிக்கட்டு. சிவப்பு வண்டி எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் அந்தப் படிக்கட்டை அகலமாக்கியிருக்க முடியுமா? 2014இல் பள்ளி நிறுவனர் முதல் கல்வி இலாகா அதிகாரிகள் வரை 10 பேருக்குத் தஞ்சாவூர்க் கோர்ட்டில் தண்டனை ஆயிற்று. மேல்முறையீட்டில் 2017இல் ஹைகோர்ட் சிலரை விடுவித்தது. நிறுவனரின் ஆயுள் தண்டனையையும் குறைத்தது. தாய்மார்களுக்கு எந்தக் கோர்ட்டு எதைக் குறைக்கும்?

மூன்று இடத்திலும் எரிந்தது பந்தலும் கூரையும். மூன்று இடத்திலும் யாராவது ஒருவர் "இங்கே கூட்டம் கூடாது" என்று முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். மண்டபக்காரர் பெரிய மனிதர், பள்ளிக்கூடக்காரருக்கு மந்திரியைத் தெரியும், மில் முதலாளி கடுதாசி அனுப்பியிருக்கிறார் - இத்தனைக்கும் நடுவில் கீழே இருக்கிற ஒரு நிலைய அலுவலர் தடையின்மைச் சான்று தர மறுக்கிறார் என்று வையுங்கள். மறுநாள் அவரைத் தூக்கி அடிக்காமல் காப்பாற்றுகிறவர்தான் இலாகாத் தலைவர். நம்மைக் கேட்டால், குழாய் பிடிக்கத் தெரிவதைவிட, எரிகிற வீட்டில் நுழைவதைவிட, இதுவே அரிய தகுதி. இதற்கு எந்தப் பரீட்சையும் இல்லை.

ஆட்களைக் காப்பது இன்னொரு பொறுப்பு. 1944 ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைகின் என்ற கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பாளர்கள் மாண்டார்கள். பஞ்சு மூட்டைகளோடு வெடிமருந்தையும் ஏற்றி வந்த கப்பல் அது. அந்த நாளைத்தான் வருஷா வருஷம் தீத்தொண்டு நாளாக அனுஷ்டிக்கிறார்கள். மலர் வளையம் வைப்பது நல்லதே. 2020 தீபாவளி இரவில் மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பாளர்கள் கட்டடம் இடிந்து செத்தார்கள். எந்தச் சுவர் நிற்கும், எது விழும் என்று பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற ஆள் ஒவ்வொரு வண்டியிலும் வேண்டும். பிரெய்ட்வுட் கொத்தனாரைத் தேடியது இதற்குத்தான்.

இலாகாவின் பெயரில் மீட்பு என்ற சொல்லும் இருக்கிறது. நம் பக்கத்தில் அதுவே பாதி வேலை. ஜல்லிக்கட்டில் மிரண்ட காளை தரைமட்டக் கிணற்றில் விழுகிறது, ஆடு விழுகிறது, தூர் எடுக்க இறங்கிய மனிதன் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க அண்ணன் இறங்குகிறான், அண்ணனைத் தூக்க மச்சான் இறங்குகிறான். பாழுங்கிணற்றுக் காற்று மூன்று பேரையும் தின்றுவிடுகிறது. மூச்சுக் கருவி மாட்டிய ஒருவர் இறங்கினால் முடிகிற வேலை இது. அந்தக் கருவி ஜில்லாத் தலைநகரில் பூட்டி வைத்திருந்தால் யாருக்குப் பிரயோஜனம்?

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் நடந்ததும் இதே கதைதான். பட்டாசு ஆலையில் முதல் வெடி கேட்டதும் உதவ ஓடியவர்கள், அடுத்த வெடியில் சிக்கினார்கள். ஓடியது மனிதத் தன்மை. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அந்த ஜனங்களுக்கு முன்பே போய்ச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியது இலாகா.

தோழர்களே, நேரமாகிவிட்டது, காலையில் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். ஒரு வேலையை இங்கேயே பிரித்துக் கொள்வோம். இந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும் தண்ணீர் வற்றாத கிணறு எத்தனை, மோட்டார் உள்ளது எது, எந்தத் தெருவில் வண்டி நுழையாது, கூரை வீடு எத்தனை - தெருவுக்கு இரண்டு பேர் நடந்து எழுதுங்கள். இரண்டு பிரதி எடுப்போம். ஒன்றை நிலைய அலுவலரிடம் நேரில் கொடுத்து, கையெழுத்து வாங்கி வருவோம். இன்னொன்று சென்னைக்கு, இயக்குநர் பெயருக்கு, ரிஜிஸ்தர் தபாலில் போகட்டும். 101க்குப் போன் செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். ஊர்ப் பெயரோடு பக்கத்துக் கோவிலையோ கண்மாயையோ அடையாளம் சொல்லச் சொல்லுங்கள். சாலைக்கு ஒரு ஆள் வந்து நின்று வண்டிக்குக் கை காட்ட வேண்டும்.