உப்புக் காட்டுக்கு நல்ல தண்ணி எதுக்கு?

திட்டக்குடி தாண்டுற வெள்ளாறு பரங்கிப்பேட்டைகிட்ட கடல்ல சேருது. அதுக்குத் தெற்கே கொள்ளிடம். ரெண்டு முகத்துவாரத்துக்கும் நடுவுலதான் பிச்சாவரம்.

படகுல போய் போட்டோ எடுத்திருப்பீங்க. உப்புத் தண்ணியில வளர்ற காடுதானே, அதுக்கென்னனு தோணும். அலையாத்தி மரங்கள் உப்பைத் தாங்கும், அவ்வளவுதான். மழைக்காலத்துல ஆறு கொண்டுவர்ற நன்னீர்தான் மண்ணோட உப்பைக் குறைக்குது. அது குறைஞ்சா சுரபுன்னை பின்வாங்கும், வெண்கண்டல் மட்டும் தாக்குப்பிடிக்கும். தூரத்துல இருந்து பார்த்தா அப்பவும் காடு பச்சைதான்!

இதுக்கு மேல, பிரிட்டிஷ் காலத்துல இருந்து 1970கள் வரைக்கும் காட்டைப் பகுதி பகுதியா மொட்டையா வெட்டினாங்க. வெயில் பட்டு, ஈரம் வத்தி, மண் அமுங்கிப் பள்ளமாச்சு. உள்ள வந்த ஓதத் தண்ணி வெளிய போகாம அங்கயே காய்ஞ்சு உப்பாச்சு. அந்த இடத்துல காடு தானா திரும்பி வரல. 1990கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் வாய்க்கால் வெட்டி, ஓதம் வந்துபோக வழி செஞ்ச பிறகுதான் நட்ட கன்னு பிடிச்சுது.

ஆனா அந்த வாய்க்கால்ல வர்றது பெரும்பாலும் கடல் தண்ணி. நன்னீர் மேல இருந்துதான் வரணும். வெள்ளாத்துல தொழுதூர், பெலாந்துறை, சேத்தியாத்தோப்புன்னு வரிசையா அணைக்கட்டு, கொள்ளிடத்துல கீழணை. வயலுக்கு அந்தத் தண்ணி வேணும், அதை நான் குறை சொல்லல. மழை பொய்க்கிற வருஷத்துல வயலுக்கே பத்தாது. அப்போ கடைமடையில இருக்குற காட்டுக்கு மிச்சம் எதுவும் வராது.