முன்னால் போகிறவரின் கைவேலை

இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே,

இது சர். சி.வி. இராமன் பிறந்த ஊர். அவர் பெயரை நீங்கள் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிவீர்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு தமிழரை இன்று நினைவுகூர விரும்புகிறேன். அவர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் வட்டாரத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்தவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் வீரர்.

1780-இல் தொடங்கிய அந்தப் பிரிவுக்கு இன்று பெங்களூரு தலைமையிடம். அங்கே சேருகிறவர் துப்பாக்கியோடு ஒரு தொழிலையும் பழகியாக வேண்டும். தச்சு, கொல்லு, கொத்து, வெல்டிங் என்று ஆளுக்கொரு கைவேலை. ஆற்றில் பாலம் போடுவதும், உடைந்த சாலையைச் சீராக்குவதும், புதைத்த கண்ணிவெடிகளை அகற்றுவதும் இவர்கள் பொறுப்பு. பெரும்படை நடக்க வேண்டிய வழியில் முதலில் கால் வைப்பவர்கள் இவர்கள்தான்.

1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிஞ்ஞானோ பகுதியில் சுப்பிரமணியன் இருந்தார். கண்ணி அகற்றும் வேலை எப்படி நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு, தரைக்கு மேலே கருவியை மெல்ல நகர்த்துவார். இரும்பு இருந்தால் ஓசை மாறும். மரப்பெட்டிக் கண்ணி என்றால் அந்த ஓசையும் உதவாது; மண்ணில் சாய்வாகத் துப்பாக்கிக் கத்தியைச் செருகித் தடவித்தான் பார்க்க வேண்டும். சோதித்த இடத்துக்கு எல்லையாக வெள்ளை நாடா போட்டுக்கொண்டே வருவார்கள். அந்த நாடாவை நம்பித்தான் பின்னால் வருகிறவர்கள் நடப்பார்கள்.

அந்த மாதம் ஒரு நாள் சுப்பிரமணியனின் குழுவில் ஒருவரின் காலடியில் கண்ணி ஒன்று அகப்பட்டது. அது வெடிக்கச் சில நொடிகளே ஆகும் என்பது சுப்பிரமணியனுக்குத் தெரியும். தொழில் தந்த அறிவு அது. தெரிந்தே அந்தக் கண்ணியின் மேல் விழுந்தார். அவர் உயிர் போயிற்று. உடன் இருந்தவர்கள் பிழைத்தார்கள். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. எதிரியை நேருக்கு நேர் சந்திக்காத வேளையில் காட்டிய வீரத்துக்கு உரிய விருது அது. அந்த நேரத்தில் அவர் எதிரில் எந்தப் படையும் இல்லை. தன் வேலையைச் செய்துகொண்டிருந்தபோதே உயிர் கொடுத்தார்.

நண்பர்களே, உங்களில் சிலர் திருவெறும்பூர் பெல் ஆலையில் கொதிகலன் பற்றவைப்பைச் சோதிப்பீர்கள். சிலர் பொன்மலைப் பணிமனையில் ரயில் பெட்டியின் அடிச்சட்டத்தைப் பார்வையிடுவீர்கள். சோதித்தாயிற்று என்று நீங்கள் போடும் ஒரு கையெழுத்தை நம்பி, உங்கள் முகமே அறியாதவர்கள் நடப்பார்கள், பயணம் போவார்கள், உறங்குவார்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதீர்கள். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் எழுதாதீர்கள். ஆபத்து எது என்று தெரிந்தவருக்குத்தான் முதலில் நின்று தடுக்கும் கடமை இருக்கிறது.

இந்த ஊர் ஜம்புகேசுவரர் கோயிலின் ஐந்தாம் பிராகார மதிலைப் பற்றி ஒரு வரலாறு சொல்வார்கள். சித்தர் வடிவில் வந்த இறைவன் மதில் கட்டியவர்களுக்குத் திருநீற்றைக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைப்பின் அளவுக்கு அது பொன்னாயிற்றாம். அதனால்தான் அது திருநீற்று மதில். கைவேலைக்கு இவ்வளவு மதிப்புத் தந்த மண் இது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் தெருவிலும் ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் இருப்பார். எந்தப் போருக்குப் போனீர்கள் என்று எல்லாரும் அவரைக் கேட்டிருப்பார்கள். என்ன வேலை தெரியும் ஐயா, எனக்கும் சொல்லித் தாருங்கள் என்று நீங்கள் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். பட்டத்தோடு அந்த அறிவும் உங்களுக்குத் துணை வரட்டும். வாழ்க, வளர்க.