காணிக்கு எங்கே போவது?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் முதலில் 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. முற்றாக உடைந்த வீட்டுக்கு அரசாங்கம் தந்தது இரண்டரை லட்சம் ரூபா. அதுவும் வேலை நடக்க நடக்க, கட்டம் கட்டமாக. காணி உள்ளவருக்குத்தான் அந்தக் காசு உதவியது. அந்தக் கரையிலுள்ள நிந்தவூரிலோ கிழக்கே கடல், மேற்கே வயல். பள்ளக் காணி வாங்கினால் மண் போட்டு நிரப்பவே காசு கரைந்துவிடும்.

இன்னொன்று, நம் பக்கம் வீடு மகளுக்குச் சீதனம். உம்மாவின் வளவை ஒட்டியே அக்கா, தங்கச்சி வீடுகள். தூரப் போனால் கைப்பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது?

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியால் வீடிழந்தோருக்காகச் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகளும் வழக்கில் சிக்கிப் பல வருடம் பூட்டியே கிடந்தன. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.