சத்தம் கேட்கிறது, குளிர் இருக்கிறதா?



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவரும் இல்லை. சுகாதாரக் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. "உணவைப் பாதுகாப்பான வெப்பநிலையில் வைத்திருங்கள்" என்ற வரியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு உண்மையில் விளங்கியது சென்ற ஆண்டு, என் பாட்டியின் சமையலறையில்தான்.

பாட்டிக்கு 78 வயது. மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு என்று தொலைபேசியில் போகிற போக்கில் சொன்னார். நேரில் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். மீன் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை வைத்தது. "ஐஸ் பெட்டியிலதானே இருந்துச்சு" என்றார். பெட்டியைத் திறந்தேன். விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது. பால் பொட்டலத்தைத் தொட்டால் குளிரவில்லை. "பத்து நாளா ராப்பகலா ஓடுதும்மா, நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார் பாட்டி.

நாம் ஏமாறுவது இங்கேதான். ஐஸ் பெட்டி ஓடுவது வேறு, குளிர வைப்பது வேறு. பழைய வகைப் பெட்டி சற்று நேரம் ஓடும், போதிய குளிர் வந்ததும் நிற்கும், பிறகு மறுபடி ஓடும். அது நிற்கவே இல்லை என்றால், எட்ட வேண்டிய குளிரை எட்ட முடியாமல் திண்டாடுகிறது என்று பொருள். புதிய இன்வெர்ட்டர் வகை அப்படியல்ல. அது மெல்லிய சத்தத்தோடு ஏறக்குறைய எந்நேரமும் ஓடும், அது பழுது இல்லை. ஆகவே காதால் கேட்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதற்குக் குளிர்சாதனப் பெட்டிக்கான சிறிய வெப்பமானி ஒன்று போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. ஒரு கோப்பைத் தண்ணீரில் அதை வைத்து, நடுத்தட்டில் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் முதல் வேலையாகப் பாருங்கள். 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது. மேலே உள்ள உறைபெட்டி மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பாட்டி வீட்டுக் கோப்பை காட்டியது 13.

காரணம் தேடினோம். முதலில் உள்ளே இருக்கும் திருகு. அது 1-இல் இருந்தது. எண் குறைந்தால் குளிர் கூடும் என்று பாட்டி நினைத்திருக்கிறார். பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடக்கூடத்தான் குளிர் கூடும். அதைத் திருப்பி வைத்தும் மாற்றம் இல்லை. அடுத்து கதவைச் சுற்றியுள்ள ரப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தோம். தாள் இறுகிப் பிடித்திருந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. சில வேளைகளில் ரப்பரில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருப்பதுதான் காரணமாக இருக்கும், சவர்க்காரத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகிவிடும். பாட்டி வீட்டில் ரப்பரிலும் குறை இல்லை.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். மேலே உறைபெட்டியில் மீன் கல்லாக இருந்தது. கீழ்த்தட்டு மட்டும்தான் சூடு. இது நல்ல தடயம். இரட்டைக் கதவுப் பெட்டிகளில் பலவற்றில் குளிர் உண்டாவது ஒரே இடத்தில், உறைபெட்டியின் பின்பலகைக்குப் பின்னால். அங்கிருந்து ஒரு சிறிய விசிறிதான் குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது. அந்த இடத்தில் படியும் பனியைக் கரைக்க உள்ளே ஒரு சூடேற்றியும் உண்டு. சூடேற்றி கெட்டுப்போனால் பனி கட்டியாகி, காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். மேலே உறைந்திருக்கும், கீழே வெதுவெதுப்பாக இருக்கும், மோட்டாரோ நிற்காமல் ஓடும். காற்று வரும் துளைகளைப் பிளாஸ்டிக் பைகளால் அடைத்து வைத்தாலும் இதே நிலைதான். நம் வீடுகளில் அந்தப் பைகளுக்குப் பஞ்சமே இல்லை.

உணவை எல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவுகளைத் திறந்து ஒரு நாள் முழுக்க விட்டோம். கீழே துணி விரிக்க மறக்காதீர்கள், வழியும் தண்ணீரில் வழுக்கி விழக்கூடாது. மறுநாள் நன்றாகக் குளிர்ந்தது. ஆறே நாளில் மறுபடி சூடானது. அப்போதுதான் சூடேற்றி பழுது என்று உறுதியானது, பழுதுபார்ப்பவரும் அதையே சொன்னார்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்கிறேன். நான் போவதற்கு முன் பாட்டி கத்தியை எடுத்துப் பனியைக் குத்தியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஓடுவது ஆர்600ஏ என்ற, தீப்பற்றக்கூடிய வாயு. குழாயில் ஓட்டை விழுந்தால் பெட்டியும் போகும், ஆபத்தும் வரும்.

மேலும் கீழும் இரண்டுமே சூடாக இருந்தால் கதை வேறு. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறோமா, பின்புறக் கம்பிகளில் தூசு மண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியை நகர்த்தும் வேலையை மட்டும் பிள்ளைகளிடம் விடுங்கள், முதுகுக்கு நல்லது. அதிலும் சரியாகவில்லை என்றால் வாயுக் கசிவோ கம்ப்ரசர் பழுதோ இருக்கலாம். அது வீட்டில் பார்க்கும் வேலை இல்லை.

இனி உணவு. பாட்டியிடம் எனக்குப் பெரிய வாக்குவாதமே இதில்தான். "கொதிக்க வெச்சா சரியாயிடும்" என்றார். சரியாகாது. ஆறிய சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. குளிர் இல்லாமல் கிடந்த கானாங்கெளுத்தி போன்ற மீனில் உண்டாகும் ஹிஸ்டமினும் சமைப்பதால் போகாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. சமைத்த உணவு, பால், தேங்காய்ப்பால், வெட்டிய பழம், மீன், இறைச்சி, தவ்வு ஆகியவை 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு அதிகமாக இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள். ஊறுகாய், சோயா சாஸ், வெட்டாத காய்கறிகள் இருக்கட்டும். பாட்டி குழம்பைக் கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரிசிக்கு வரிசையில் நின்ற தலைமுறை, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்சுலினைப் பயன்படுத்துவோர் கவனியுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பெட்டி சூடாகிவிட்டது என்று தெரிந்தால், உடனே பக்கத்து வீட்டுப் பெட்டிக்கு மாற்றுங்கள். அவசரத்தில் உறைபெட்டிக்குள் வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. எத்தனை நாள் சூட்டில் இருந்தது என்று குறித்துக்கொண்டு மருந்தாளரிடம் கேளுங்கள். குளிருக்கு வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். கேட்கும்வரை ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பாட்டியின் மருந்தாளர் நாள்களைக் கணக்குப் பார்த்து, புதிதாக மாற்றித் தந்தார்.

வயிற்றுப்போக்கைச் சாதாரணமாக எண்ணவும் வேண்டாம். நம் வயதில் உடலில் நீர் குறைவது தெரியாமலே குறையும். தலைசுற்றல், சிறுநீர் குறைதல், காய்ச்சல், மலத்தில் இரத்தம், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நிலை — இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சரியாகச் சாப்பிட முடியாவிட்டால் சர்க்கரை அளவை அடிக்கடி பாருங்கள். மயக்கமாக வந்தால் 995.

"பத்து நாளா ஏன் சொல்லல பாட்டி?" என்று கேட்டேன். "உங்களுக்கு வேலை இருக்கும்" என்றார். நான் வேலை செய்வதே இப்படிப்பட்ட கையேடுகளை எழுதத்தான் என்று சொன்னேன். சிரித்துவிட்டார்.

பெட்டிக்குப் பதினைந்து வயது என்பதால் பழுதுபார்க்காமல் புதிதாக வாங்கினோம். புதியதைக் கொண்டுவந்து இறக்கும்போது கடைக்காரர் பழையதை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும், 2021 ஜூலை முதல் இங்கே அப்படி ஒரு விதி உண்டு. கேட்டு வாங்குங்கள், படிக்கட்டுப் பக்கம் தள்ளி வைக்காதீர்கள்.

கோப்பையும் வெப்பமானியும் இப்போது பாட்டியின் நடுத்தட்டில், தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அதே போல ஒன்றை இங்கேயும் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், எப்படிப் படிப்பது என்று காட்டுகிறேன். எழுத்து கொஞ்சம் சிறியது, கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.