மோட்டார்க் காப்புறுதியும் விபத்து மன்னிப்பும்

யானைக்கும் அடி சறுக்கும் என்பர் நம் முன்னோர். மலை வீதிகள் மிகுந்த மாத்தளை மாவட்டத்தில் மோட்டார் வண்டி செலுத்துவோருக்கு இப்பழமொழியை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் நோக்கி ஏறும் வளைவுகளில் எதிர்பாராமல் மூடுபனி இறங்கும். கண்டி - யாழ்ப்பாண வீதியிலோ, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை நாடி மரக்கறி லொறிகள் ஓடும். எத்துணைத் தேர்ந்த சாரதிக்கும் ஒரு கணம் தவறலாம். அந்த ஒரு கணத்துக்காக ஆண்டுதோறும் தனியே பணங் கட்டிவைப்பது தக்கதா என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வீதியில் ஓடும் வண்டிக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி இன்றியமையாதது. அது நம் வண்டியால் பிறருக்கு நேரும் கேட்டைக் கருதியது. தம் வண்டியின் சேதத்துக்கும் ஈடு வேண்டுவோர் முழுமையான காப்புறுதியைப் பெறுகின்றனர். அவர்கள் ஓராண்டு முழுவதும் இழப்பீடு கோராதிருப்பின், மறு ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதி குறைக்கப்படும். இதனைக் கோராமைக் கழிவு எனலாம். படிப்படியாக உயரும் இக்கழிவு, ஒருமுறை இழப்பீடு கோரியதும் சரிந்துவிடும். அவ்வாறு சரியாமற் காப்பதற்கு மேலதிகக் கட்டணம் பெறும் ஏற்பாடு ஒன்றுண்டு. இதையொத்த ஏற்பாட்டை அமெரிக்காவில் விபத்து மன்னிப்பு என்கின்றனர்.

மன்னிப்பு என்ற சொல் இனிமையானது. ஆயினும் அதன் விலையைக் கணக்கிட்டே வாங்குதல் வேண்டும். ஓர் உதாரணத்தைக் கொள்வோம். ஒருவருடைய வண்டிக்கு முழுக் கட்டணம் 1,00,000 ரூபாய் என்றும், அவர் 50 வீதக் கழிவு பெற்று 50,000 ரூபாய் செலுத்துகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். விபத்தொன்றுக்கு இழப்பீடு கோரியதும் கழிவு 20 வீதமாகிறது. பின்னர் ஆண்டுக்குப் பத்து வீதமாக உயர்கிறது. அவர் முதலாண்டில் 80,000, அடுத்த ஆண்டில் 70,000, மூன்றாம் ஆண்டில் 60,000 ரூபாய் செலுத்துவார். நான்காம் ஆண்டிலேயே பழைய நிலைக்கு மீள்வார். ஆக, அவர் மிகையாகச் செலுத்தியது 60,000 ரூபாய். கழிவைக் காக்கும் மேலதிகக் கட்டணம் ஆண்டுக்கு 5,000 ரூபாயாயின், பன்னிரண்டு ஆண்டுக் கட்டணம் இந்த இழப்புக்குச் சமமாகும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் இழப்பீடு கோர நேருமென அஞ்சுவோருக்கே அது இலாபம்.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. வண்டியில் ஏற்பட்ட நெளிவைச் சீர்செய்ய 20,000 ரூபாய் போதுமெனில், அறிவுடையவர் இழப்பீடு கோரமாட்டார். 60,000 ரூபாய் இழப்பைத் தவிர்க்கத் தம் பணத்திலேயே சீர்செய்வார். ஆதலால் மேற்சொன்ன கணக்கில் பெரிய விபத்துகளையே எண்ண வேண்டும். மேலும், இத்தகைய மன்னிப்பு பெரும்பாலும் குறித்த காலத்துக்கு ஒரு முறை அல்லது இரு முறையே செல்லும். அற்ப நெளிவுக்கு அதைச் செலவிட்டவர், பெரு விபத்தின்போது வெறுங்கையராய் நிற்பார்.

மாத்தளை நகரில் வசித்து, அருகிலுள்ள பாடசாலைக்குப் பகலில் மாத்திரம் சென்றுவரும் ஆசிரியருக்கு இக்கட்டணம் பெரும்பாலும் வீண். அவர் அந்த 5,000 ரூபாயை ஆண்டுதோறும் சேமிப்பு வங்கியில் இட்டுவந்தால், விபத்து நேரினும் நேராவிடினும் அப்பணம் அவருடையதே. ஆனால் வான் ஒன்றை வாடகைக்கு ஓட்டி, இரவும் மழையும் பாராது மலையேறி இறங்குபவரின் நிலை வேறு. அன்றாட வருவாயில் குடும்பம் நடத்தும் அவர், மூன்றாண்டுகள் உயர்ந்த கட்டணத்தைத் தாங்கவியலாதவராயின், 5,000 ரூபாய் கொடுத்து மனநிம்மதி பெறுவதைக் குறைகூற முடியாது. புதிதாகச் சாரதி உரிமம் பெற்ற மகனோ மகளோ அதே வண்டியைச் செலுத்தும் இல்லத்தாரும் அவ்வாறே சிந்திக்கலாம்.

எவராயினும், கையொப்பமிடுமுன் முகவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை விபத்துகளுக்கு இது செல்லும்? கழிவு குறையாவிடினும் முழுக் கட்டணம் உயருமா? நாம் ஏற்க வேண்டிய சேதப் பங்கு எவ்வளவு? வேறு நிறுவனத்துக்கு மாறினால் இக்கழிவை அவர்கள் ஏற்பார்களா? இறுதிக் கேள்வி முக்கியமானது. 1960களில் அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாக்கப்பட்ட பொதுக் காப்புறுதித் தொழிலில், 1980களின் பிற்பகுதி முதல் தனியார் நிறுவனங்கள் மீண்டும் இடம்பெற்றுள்ளன. எனவே ஒரு நிறுவனம் அளித்த மன்னிப்பு மற்றதைக் கட்டுப்படுத்துமென நாமே எண்ணிக்கொள்ளலாகாது. விடைகளை எழுத்திற் பெறுவதே நன்று.

இன்னுமொன்று. காப்புறுதி நிறுவனம் மன்னிப்பது தன் கணக்கேட்டில் உள்ள ஒரு வரியை மாத்திரமே. நீதிமன்றம் விதிக்கும் தண்டத்தை அது மன்னிக்காது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீதியைக் கடக்கும் தோட்டத் தொழிலாளியின் முறிந்த காலை அது பொருத்தாது. கழிவைக் காப்பதற்குக் கட்டணம் வேண்டும். வளைவில் வேகத்தைத் தணிப்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை. முன்னதைக் கணக்கிட்டுத் தீர்மானியுங்கள்; பின்னதைக் கணக்குப் பாராமலே கைக்கொள்ளுங்கள்.